முதல் நொடியிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள்

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று படித்துத் தெரிந்துகொள்ளும் ஆசையில் இரண்டரை வருட இரவுகளையும் ஏறக்குறைய பதினோராயிரம் ரூபாயையும் செலவழித்திருக்கிறேன். அதில் முதல் ஒன்றரை வருடம் முழுக்க வீண். பதினொரு புத்தகங்களுக்கு 6,400 ரூபாய். பாதியில் விட்ட ஒரு ஆன்லைன் வகுப்புக்கு 4,500 ரூபாய். பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தவன் நான். இயற்பியலோடு என் பழக்கம் பத்தாம் வகுப்போடு முடிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பணமும் மிஞ்சியிருக்கும், மனக்கஷ்டமும் இருந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கிய முதல் புத்தகம், இந்த வகைப் புத்தகங்களில் பல தொடங்குவது போலவே, காலத்தின் முதல் கணத்திலிருந்து தொடங்கியது. புள்ளி வைத்து 42 பூஜ்யம் போட்டு அதன் பிறகு ஒரு 1. அத்தனை சிறிய நொடியில் என்ன நடந்தது என்று முதல் அத்தியாயம். அடுத்தது 'பெருவீக்கம்', அதாவது பிரபஞ்சம் தொடக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஊதிப் பெருத்தது என்ற யோசனை. அதற்கடுத்து நான்கு விசைகளும் பிரிந்த கதை. எழுபதாம் பக்கம் வருவதற்குள் ஒவ்வொரு வாக்கியமும் புரிவது போலவும் மொத்தமாக எதுவுமே புரியாதது போலவும் ஆகிவிட்டது. சரி, எழுதியவர் சரியில்லை என்று இரண்டாவது புத்தகம் வாங்கினேன். அது, பெருவெடிப்பு தொடக்கமே இல்லை, சுருங்கிய பிரபஞ்சம் ஒன்று மறுபடி விரிந்ததுதான் என்றது. மூன்றாவது, நம்முடையதைப் போல எண்ணற்ற பிரபஞ்சங்கள் உண்டு என்றது. மூன்று பேரும் ஒரே உறுதியான குரலில் பேசினார்கள். யாரை நம்புவது என்று தெரியாமல் நான்காவது, ஐந்தாவது என்று வாங்கிக்கொண்டே போனேன். ஆன்லைன் வகுப்பில் மூன்றாவது பாடத்திலேயே டென்சர் சமன்பாடு வந்தது, அதோடு நின்றேன்.

அந்த நாட்களில் இருந்த மனநிலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் பலர் வெளியே சொல்வதில்லை. முதலில் வெட்கம்: நமக்கு இவ்வளவுதான் அறிவு போலிருக்கிறது என்ற நினைப்பு. அடுத்தது பயம். ராத்திரி பதினொரு மணிக்கு 'ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் வந்தது' என்று படித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. உண்மையில் பயம் பிரபஞ்சத்தால் வந்ததில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூட இல்லாமல் அந்தரத்தில் நிற்பது போன்ற ஒரு உணர்வு அது.

கைப்பிடி கிடைத்தது 'இதை எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?' என்று ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்கத் தொடங்கிய பிறகுதான். கேட்டுப் பார்த்தால் ஒரே பத்தியில் மூன்று வகைச் செய்திகள் கலந்து கிடந்தன. நேரடியாகக் கருவி வைத்து அளந்தவை சில. அளந்ததை வைத்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்த இயற்பியலைக் கொண்டு கணக்குப் போட்டுச் சொன்னவை சில. மிச்சமெல்லாம் நல்ல மூளைகள் யோசித்துச் சொன்ன ஊகங்கள். விஞ்ஞானிகளுக்குத் தங்களுக்குள் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். வெகுஜனப் புத்தகமாக எழுதும்போதுதான் மூன்றும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. முதல் அத்தியாயத்தில் வரும் முதல் கணம் மூன்றாவது வகை. ஊகத்தை அஸ்திவாரமாக வைத்து வீடு கட்டப் பார்த்ததுதான் என் தப்பு.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும் வானத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போங்கள். புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைக் கடைசியாகப் படியுங்கள்.

முதல் படி தூரம். இது இல்லாமல் எதுவும் நிற்காது, ஆனால் பலர் தாண்டிப் போவது இதைத்தான். வானத்தில் மங்கலாகத் தெரியும் ஒரு புள்ளி அருகில் இருக்கும் சிறு விளக்கா, தொலைவில் இருக்கும் பெரிய விளக்கா என்று எப்படித் தெரியும்? ஹென்ரியேட்டா லெவிட் 1912இல் வெளியிட்ட கண்டுபிடிப்புதான் திறவுகோல். செஃபீட் என்ற வகை நட்சத்திரங்கள் சீராக மின்னி மங்கும். மெதுவாக மின்னுவது உண்மையில் அதிகப் பிரகாசமானது. ஆக, மின்னும் கால இடைவெளியை அளந்தால் விளக்கின் உண்மையான வாட்ஸ் எவ்வளவு என்று தெரியும். கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். 1923இல் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவுக்குள் இப்படி ஒரு நட்சத்திரத்தைப் பிடித்த பிறகுதான் அது நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி கேலக்ஸி, அதாவது தனி நட்சத்திரக் கூட்டம் என்று உறுதியானது. இன்றைய அளவில் அது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம்.

இரண்டாவது படி விரிவு. கேலக்ஸிகளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது, அதாவது அவை நம்மைவிட்டு விலகுகின்றன; தூரம் கூடக்கூட நகர்வும் கூடுகிறது. 1927இல் ஜார்ஜ் லமேத்ர் இதைக் கணக்கோடு எழுதினார், 1929இல் ஹப்பிள் தன் அளவீடுகளை வெளியிட்டார். புத்தகங்கள் இதை விளக்கப் பலூனைக் கொண்டுவரும். என்னைப் பல மாதம் குழப்பியது அந்தப் பலூன்தான், ஏனென்றால் பலூனுக்கு உள்ளே ஒரு நடு இருக்கிறது. மனசு அங்கேயே போய் நிற்கும். அதற்குப் பதிலாகத் தையல் கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் 20 சென்டிமீட்டர் வாங்குங்கள். இரண்டு இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் சின்ன ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டுங்கள். பேனாவால் புள்ளி வைக்காதீர்கள். இழுக்கும்போது மைப்புள்ளியும் சேர்ந்து நீளும், அதைப் பார்த்து கேலக்ஸியும் நம் உடம்பும் விரிகின்றன என்று தப்பாக நினைத்துக்கொள்வோம். பொட்டு நீளாது. ஈர்ப்பு விசையால் இறுகிக் கட்டப்பட்ட கேலக்ஸியும் அப்படித்தான், விரிவதில்லை.

இப்போது இடது முனையை ஸ்கேலின் பூஜ்யத்தில் அழுத்திப் பிடித்து மொத்தத்தையும் 30 சென்டிமீட்டராக இழுங்கள். ஒவ்வொரு இடைவெளியும் 2இலிருந்து 3 ஆகும். பிடித்திருக்கும் பொட்டிலிருந்து பார்த்தால் அடுத்த பொட்டு 1 சென்டிமீட்டர் விலகியிருக்கும், அதற்கடுத்தது 2, ஐந்தாவது பொட்டு 5. தூரம் எத்தனை மடங்கோ வேகமும் அத்தனை மடங்கு. பிடித்த முனைதான் நடு என்று தோன்றும். விட்டுவிட்டு வலது முனையைப் பிடித்து இழுங்கள்; இப்போது அதுதான் நடு என்று தோன்றும். நடுவில் உள்ள ஒரு பொட்டைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு பக்கமும் யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள், அதுவும் அப்படியே. எந்தப் பொட்டில் நின்றாலும் எல்லாரும் தன்னைவிட்டு ஓடுவது போலத்தான் தெரியும், உண்மையில் நடு என்று ஒன்று இல்லை. இந்த ஒரு எலாஸ்டிக் துண்டு நான் வாங்கிய முதல் ஐந்து புத்தகங்களைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

'வெடிப்பு' என்ற சொல்லும் இந்த இடத்தில்தான் காலை வாரும். வெடிப்பு என்றால் ஏற்கெனவே இருக்கும் வெற்றிடத்துக்குள் ஒரு இடத்தில் ஏதோ வெடித்துச் சிதறியது என்று படம் வருகிறது. அப்படி இல்லை, இடமே நீள்கிறது. 'பிக் பேங்' என்ற ஆங்கிலப் பெயரை வைத்தவர் பிரிட்டன் வானியலாளர் ஃப்ரெட் ஹாய்ல். 1949இல் பிபிசி வானொலியில் பேசும்போது சொன்னார். அவர் இந்தக் கொள்கையை ஏற்காதவர், பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற நிலைத்த நிலைக் கொள்கையை 1948இல் முன்வைத்தவர்களில் ஒருவர். ஏற்காதவர் வைத்த பெயரை நாமும் 'பெருவெடிப்பு' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். படிக்கும்போது மனசுக்குள் 'பெருவிரிவு' என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள், பாதிச் சந்தேகம் தீரும்.

வயதுக் கணக்கை நீங்களே போடலாம். கட்டாயம் போடுங்கள், பயம் விலகியது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட இரவில்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் 300 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கிளம்பி ஐந்து மணி நேரம் ஆயிற்று என்று சொல்வோம் இல்லையா, அதே கணக்கு. ஒரு மெகாபார்செக், அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் கேலக்ஸி நொடிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. ஒரு மெகாபார்செக் எத்தனை கிலோமீட்டர்? 3086 எழுதி அதன் பின் 16 பூஜ்யம். அதை 70ஆல் வகுத்தால் நொடிக் கணக்கு. ஒரு வருடத்துக்கு 3,15,57,600 நொடி. அதனால் மறுபடி வகுங்கள். போன் கால்குலேட்டரைப் படுக்கவைத்தால் பெரிய எண்களுக்கு இடம் கிடைக்கும். விடை சுமார் 1,397 கோடி வருடம். நிபுணர்கள் சொல்வது 1,380 கோடி. பஸ் வழி நெடுக ஒரே வேகத்தில் வரவில்லை, முதலில் வேகம் குறைந்து பிறகு கூடியது என்பதையும் சேர்த்துத் திருத்தும்போது அவர்களுடைய எண் வரும். கையால் போட்ட கணக்கு இவ்வளவு அருகில் வந்ததைப் பார்த்தபோது, இது யாரோ எங்கிருந்தோ இறக்கிவிட்ட எண் இல்லை என்ற தைரியம் வந்தது.

இதில் எங்கே தவறு வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஹப்பிள் 1929இல் பெற்ற வேகம் 70 இல்லை, சுமார் 500. அதை வைத்து வகுத்தால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி வருடத்துக்குள் அடங்கிவிடும். பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை. வீட்டைவிடத் திண்ணைக்கு வயது அதிகம் என்பது போல. கணக்கில் பிழை இல்லை, தூரத்தில்தான் பிழை: செஃபீட்களில் இரண்டு வகை இருப்பது அப்போது தெரியாது. 1952இல் வால்டர் பாடே அதைச் சொன்னபோது தூரங்கள் இரண்டு மடங்காயின, வயதும் கூடியது. அதனால்தான் தூரத்தைத் தாண்டிப் போகாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

ஆயிரத்தில் ஒருவர்கூட விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று: வயது 1,380 கோடி என்றால் 1,380 கோடி ஒளியாண்டு தூரம்தானே பார்க்க முடியும், 4,650 கோடி என்று ஏன் எழுதுகிறார்கள்? ஒளி நடந்து வந்துகொண்டிருக்கும்போதே அது கடந்து வந்த பாதை பின்னால் நீண்டுகொண்டே போயிற்று. ஒளி புறப்பட்ட இடம் இன்றைக்கு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பதே 4,650 கோடி. புத்தகத்தில் ஒரு பக்கத்தில் ஒரு எண்ணும் இன்னொரு பக்கத்தில் மற்றதும் விளக்கமில்லாமல் வரும். அச்சுப்பிழை என்று நினைத்துப் பல நாள் தவித்தேன்.

மூன்றாவது படிக்கு நிதானமாக நேரம் கொடுங்கள். கேலக்ஸிகளை விட்டுப் பின்னோக்கிப் போனால் எல்லாம் நெருக்கமாகி, சூடாகி, ஒரு கட்டத்தில் அணுக்கள்கூட நிற்க முடியாத கொதிநிலை வரும். சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்கள் ஒளியை நேராகப் போக விடாது. அடர்ந்த பனிமூட்டத்துக்குள் ஹெட்லைட் போட்டது போல இருக்கும். விரிந்து ஆறி 3,000 கெல்வினுக்கு வந்தபோது அணுக்கள் உருவாகி மூட்டம் கலைந்தது. தொடக்கத்திலிருந்து சுமார் 3,80,000 வருடத்தில். அப்போது விடுபட்ட ஒளி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. இதைத்தான் பின்னணிக் கதிர்வீச்சு என்கிறார்கள். அதன்பின் இடம் சுமார் 1,100 மடங்கு நீண்டிருக்கிறது. ஒளியின் அலையும் அத்தனை மடங்கு நீண்டு ஆறிவிட்டது. 3,000ஐ 1,100ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.7. இன்றைக்கு அளந்தால் கிடைப்பது 2.725 கெல்வின், அதாவது உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 270 டிகிரி செல்சியஸ். விண்வெளியில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும், ஒரு சுண்டல் கடலை அளவு இடத்தில், இந்தப் பழைய ஒளியின் துகள்கள் நானூறுக்கு மேல் எந்நேரமும் இருக்கின்றன. இதைப் படித்த அன்று கையைக் குவித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்த விதமும் படிக்க வேண்டியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில், செயற்கைக்கோள் தொடர்புக்காகக் கட்டிய கொம்பு வடிவ ஆன்டெனாவில் அர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1964இல் வேலை பார்த்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலோ இரவோ, ஒரு இரைச்சல் குறையவே இல்லை. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தைக் கழுவினார்கள். இணைப்புகளுக்கு டேப் ஒட்டினார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது. பக்கத்தில் பிரின்ஸ்டனில் அதே ஒளியைத் தேட ஒரு குழு கருவி கட்டிக்கொண்டிருந்தது. 1965இல் இரண்டு தரப்பும் பேசிய பிறகுதான் கையில் இருப்பது என்னவென்று புரிந்தது. இது இருக்கும் என்று ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948லேயே கணக்குப் போட்டு, சுமார் 5 கெல்வின் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். முன்கூட்டிச் சொன்னது, தேடாமலே கிடைத்தது, கருவியின் கோளாறு என்று நினைத்து முடிந்தவரை அழிக்கப் பார்த்தும் அழியாதது. ஒரு கொள்கைக்கு இதைவிட நல்ல சாட்சி அமைவது அபூர்வம்.

இதில் நம் நீலகிரிக்கும் ஒரு பங்கு உண்டு, தமிழில் படிக்கும் பலருக்கு அது தெரிவதில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவின் கோணம் அந்த இடத்தின் அட்சரேகையோடு, சுமார் 11 டிகிரியோடு, ஒத்துப்போகும்படி இடம் தேர்ந்தார்கள். அதனால் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது, ஒரே அச்சில் சுழற்றினால் ஒரு வான்பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். நிலா ஒரு ரேடியோ மூலத்தை, அதாவது ரேடியோ அலை வீசும் வான்பொருளை, மறைக்கும் கணத்தில் சமிக்ஞை எப்படிக் குறைகிறது என்று பதிவு செய்து அதன் அளவைக் கணிப்பதுதான் அன்றைய முக்கிய வேலை. 1975இல் கோவிந்த் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகள், தொலைவில் அதாவது கடந்த காலத்தில் இருக்கும் மூலங்கள் அருகில் இருப்பவற்றைப் போல இல்லை என்று காட்டின. பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி என்பதற்கு எதிரான இன்னொரு சாட்சி. ஊட்டிப் பக்கம் போனால் மலைச்சரிவில் அந்தத் தொலைநோக்கியைப் பார்க்கலாம்.

நான்காவது படி முதல் சில நிமிடங்கள். இங்கே கைக்குள் அடங்கும் கணக்கு ஒன்று இருக்கிறது, பதினாறு புளியங்கொட்டை போதும். அணுக்கருக்கள் சேரத் தொடங்கிய நேரத்தில் ஒரு நியூட்ரானுக்கு ஏழு புரோட்டான் என்ற விகிதம் இருந்தது. ஆகவே பதினாறில் இரண்டு கொட்டைக்குச் சுண்ணாம்பு தடவுங்கள், அவை நியூட்ரான். மற்ற பதினாலு புரோட்டான். ஒரு ஹீலியம் கருவுக்கு இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானும் வேண்டும். எடுத்துத் தனியே வையுங்கள். நியூட்ரான் தீர்ந்தது. ஹீலியத்தில் நான்கு, மிச்சம் பன்னிரண்டு தனிப் புரோட்டான், அதாவது ஹைட்ரஜன். எடையில் 25 சதவீதம் ஹீலியம், 75 சதவீதம் ஹைட்ரஜன். நட்சத்திரங்கள் அதிகம் சமைக்காத பழைய வாயுவை அளந்தால் ஏறக்குறைய இதே விகிதம் கிடைக்கிறது. லித்தியத்தில் மட்டும் கணக்கு உதைக்கிறது. எதிர்பார்ப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் பழைய நட்சத்திரங்களில் தெரிகிறது. இதை மறைக்காமல் சொல்லும் புத்தகம் என்றால் நம்பி வாங்கலாம்.

இங்கே வந்து சேர்ந்த பிறகு மட்டும் அந்த முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கலர் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். அளந்ததற்குப் பச்சைக் கோடு, கணக்கிட்டதற்கு மஞ்சள், ஊகத்துக்குச் சிவப்பு. 2.725 கெல்வின் பச்சை. 1,380 கோடி வருடம் மஞ்சள். கேலக்ஸிகள் சுழலும் வேகத்தைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத நிறை இருந்தாக வேண்டும் என்பது மஞ்சள், ஆனால் அந்தக் கரும்பொருள் எதனால் ஆனது என்று யார் சொன்னாலும் சிவப்பு. பெருவீக்கம் சிவப்பு. சிவப்பு என்றால் பொய் என்று அர்த்தமில்லை. ஆலன் கூத் 1980 வாக்கில் முன்வைத்த அந்த யோசனை பல புதிர்களை விடுவிக்கிறது, அதன் சில கணிப்புகள் பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகளோடு ஒத்துப்போகின்றன. ஆனாலும் நேரடித் தடயம் கையில் கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில் தென் துருவத்தில் இருந்த பைசெப் 2 கருவிக் குழு அந்தத் தடயம் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. அடுத்த வருடமே பிளாங்க் தரவோடு சேர்த்துப் பார்த்ததில், தெரிந்ததை நம் பால்வெளியின் தூசியே விளக்கிவிடும் என்று ஆயிற்று. 2014 கடைசியில் அச்சான புத்தகத்தை வாங்கி அதை உண்மை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எனக்கு ஆனது அதுதான்.

ஆகவே வாங்குவதற்கு முன் முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், மறுஅச்சு ஆண்டை இல்லை. 1998க்கு முந்தியது என்றால் விரிவு வேகமெடுக்கிறது என்ற கண்டுபிடிப்பே அதில் இருக்காது. வரலாற்றுப் பகுதிக்காக வேண்டுமானால் படிக்கலாம். பிறகு கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பொருளடைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பின்னணிக் கதிர்வீச்சுக்கு எத்தனை பக்கம், பல பிரபஞ்சங்களுக்கு எத்தனை பக்கம் என்று ஒப்பிட்டால் ஐந்தே நிமிடத்தில் புத்தகத்தின் குணம் தெரிந்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரைப் பக்கத்தவர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து இரண்டு அத்தியாயம் படித்துப் பார்த்த பிறகு காசைச் செலவழியுங்கள். என் பதினொன்றில் ஏழு புத்தகம் இப்படிச் செய்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன்.

தமிழில் படிப்பவர்களுக்கென்று தனியாக இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று எண். பில்லியன் என்றால் நூறு கோடி, மில்லியன் என்றால் பத்து லட்சம், டிரில்லியன் என்றால் லட்சம் கோடி. மொழிபெயர்ப்பில் 13.8 பில்லியன் என்பது 138 கோடி ஆகி வருவதைப் பார்த்திருக்கிறேன், 13.8 கோடி ஆகவும் பார்த்திருக்கிறேன், 13.8 கோடி வருடத்துக்கு முன் பூமியில் டைனோசரே நடமாடிக்கொண்டிருந்தது. எண் எது வந்தாலும் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பூமியின் வயது சுமார் 454 கோடி. இன்னொன்று சொல். கேலக்ஸிக்கு மட்டும் விண்மீன் மண்டலம், நட்சத்திர மண்டலம், உடுத்திரள், பேரடை என்று ஆளுக்கொரு சொல். 'அண்டம்' என்று ஒருவர் கேலக்ஸியைச் சொல்வார், இன்னொருவர் மொத்தப் பிரபஞ்சத்தையும் சொல்வார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் புத்தகத்துக்கு ஒரு பத்தியாக, யார் எதற்கு எந்தச் சொல் போடுகிறார் என்று எழுதி வையுங்கள். பத்து சொல் எழுதினாலே போதும்.

பழம்பாடல் ஒன்றில் அண்டம் விரிந்ததாக வரி வந்தால் பெருவெடிப்பை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்களிடம் நான் பல மாதம் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாடல்களை நான் நேசிக்கிறேன், அவற்றின் பெருமை வேறு. நுண்ணலை ஆன்டெனாவின் சாட்சி அவற்றுக்குத் தேவையில்லை. இந்தக் கொள்கைக்கு வித்திட்ட லமேத்ரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இதைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. பக்தியையும் அளவீட்டையும் தனித்தனியே வைத்திருந்தவர் அவர்.

தலைப்புச் செய்திகளுக்கும் கலர் பென்சில் வேலை செய்யும். 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படங்கள் வரத் தொடங்கியதும் பெருவெடிப்பு பொய்த்துவிட்டது என்று வீடியோக்கள் வந்தன. நடந்தது இதுதான்: தொடக்க கால கேலக்ஸிகள் சில எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருந்தன. கேலக்ஸிகள் எவ்வளவு சீக்கிரம் வளரும் என்ற கணக்குக்குத்தான் அது சவால். விரிவும் ஹீலியமும் 2.725 கெல்வினும் அப்படியே இருக்கின்றன.

நிஜமான சிக்கல் ஒன்று அதைவிடச் சின்னதாகத் தெரியும் இடத்தில் இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் 70 என்று எடுத்தோம் அல்லவா? செஃபீட்களையும், வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களான சூப்பர்நோவாக்களையும் படிப்படியாக அளந்து வருகிறவர்களுக்கு 73 பக்கம் வருகிறது. பிளாங்க் பார்த்த பின்னணி ஒளியிலிருந்து கணக்கிட்டால் 67.4 வருகிறது. இரண்டு பக்கமும் கவனமாகச் செய்தவர்கள், இரண்டின் பிழை எல்லைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. கால்குலேட்டரில் 70க்குப் பதில் 73ஐப் போட்டால் சுமார் 1,340 கோடி, 67.4ஐப் போட்டால் 1,450 கோடி. என் புத்தகத்தில் 73க்குப் பச்சையும் 67.4க்கு மஞ்சளும் போட்டிருக்கிறேன். இரண்டும் ஏன் சேரவில்லை என்று விளக்கும் பக்கம் முழுக்க இப்போதைக்குச் சிவப்பு.